பெட்ரோலா, டீசலா: சேக்காட்டிலிருந்து இரண்டு அமைச்சகங்களுக்கு

பெறுநர்: மத்திய பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகம், மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

அனுப்புநர்: பழைய கார் வாங்கவிருப்பவர், சேக்காடு, ஆவடி மாநகராட்சி.

பொருள்: பழைய காரில் எரிபொருள் தேர்வு – தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2010 முதல் இரு அமைச்சகங்களும் வெளியிட்ட, திருத்திய, நிறுத்திவைத்த, மறுத்த அறிவிப்புகள்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக, சிலவற்றில் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். மூன்றாவது வகை இந்தியச் சாலைகளில் மட்டும் காணப்படுவது: அறிவிப்பால் ஓடும் எஞ்சின். சேக்காட்டில் பழைய கார் பார்க்கப் போகிறவருக்கு முன்னால் நிறுத்தப்படுவது, பானட்டுக்குள் எது இருந்தாலும், இந்த மூன்றாவது வகைதான்.

இதன் வரலாறு 2010 ஜூன் 26-ல் தொடங்குகிறது. அன்று பெட்ரோல் விலை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. டீசல் விடுபடவில்லை, உழவரையும் லாரிக்காரரையும் நினைத்து அரசு அதைத் தாங்கிப் பிடித்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். உழவருக்கு வைத்த பந்தியில் முதலில் இலை போட்டு உட்கார்ந்தது கார். ஃபியட் வடிவமைத்த ஒரே 1,248 சிசி டீசல் எஞ்சின் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ என்று வீட்டுக்கு வீடு வேறு பெயரில் குடிபுகுந்தது. கார்ப் பத்திரிகைகள் அதற்கு ‘தேசிய எஞ்சின்’ என்றே பட்டம் சூட்டின. 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுபட்டது. 2020 ஜூன் 24 அன்று டெல்லியில் டீசல் பெட்ரோலைவிடச் சில காசுகள் கூடுதலாக விற்று, முப்பத்திரண்டு ரூபாய் இடைவெளியை நம்பிக் கார் வாங்கியவர்களைத் திகைக்க வைத்தது. சென்னையில் 2025 கணக்குப்படி இடைவெளி எட்டு ரூபாய்ச் சொச்சம். சி.டி.எச். சாலையோரத்தில் தள்ளுபடி விலை எழுதி நிற்கும் டீசல் ஸ்விஃப்ட்கள் அந்த முப்பத்திரண்டு ரூபாய்க் காலத்தின் பிள்ளைகள்.

சேக்காட்டாருக்கு டீசல்மீது கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு என்பதை அமைச்சகங்கள் கவனத்தில் கொள்ளலாம். பக்கத்திலேயே ஆவடி எஞ்சின் தொழிற்சாலை இருக்கிறது. 1987-ல் அமைந்த அந்த ஆலையில் டி-72 டாங்கிக்கு 780 குதிரைத்திறனிலும் டி-90 டாங்கிக்கு 1,000 குதிரைத்திறனிலும் டீசல் எஞ்சின்கள் உருவாகின்றன. அதன் வாடிக்கையாளர் மைலேஜ் கேட்பதில்லை. பொல்யூஷன் சர்டிபிகேட் தேடி பங்க் ஓரத்தில் நிற்பதுமில்லை. டீசல் வாகனத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் டெல்லியில், ஜனவரி 26 அன்று டி-90 டாங்கி கர்த்தவ்யப் பாதையில் போகும்போது எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள்.

டாங்கி வாங்கும் வசதி இல்லாதவர் கணக்குப் போட்டாக வேண்டும். சேக்காட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். போக வர, மாதம் 500 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். 2025 விலையை முழு ரூபாயாக்கி, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், கார் தருவது 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசு. டீசல் 92 ரூபாய், கார் தருவது 20 கிலோமீட்டர் என்றால் 4 ரூபாய் 60 காசு. மிச்சம் இரண்டு ரூபாய்ச் சில்லறை, அதாவது மாதம் சுமார் ஆயிரம். அதே வருடத்து டீசல் காருக்கு 80,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், அந்தப் பணம் திரும்பிவர ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். இடையில் டர்போவோ இஞ்செக்டரோ ஒருமுறை கைவிரித்தால் போதும், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. மாதம் 1,500, 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு, வாரந்தோறும் திருப்பதியோ வேலூரோ போகிறவருக்கு, டீசல் இன்றும் லாபமே. அம்பத்தூருக்கும் ஆவடிச் சந்தைக்கும் போகிறவருக்கு அது கௌரவம் மட்டும்.

அடுத்தது பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி. 2020 ஏப்ரல் 1 முதல் அது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. சின்ன டீசல் எஞ்சினை அதற்கேற்ப மாற்றும் செலவைப் பார்த்த மாருதி டீசலையே கைகழுவியது. பிஎஸ்-6 டீசல் காரின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் வாயில் டிபிஎஃப். பிடித்த கரி எரிந்து சாம்பலாக 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். திருமுல்லைவாயல் நெரிசலில் இரண்டாம் கியரில் ஊரும் காருக்கு அந்தச் சூடு வராது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், பிக்கப் செத்துப்போகும். தீர்வு கையேட்டிலேயே இருக்கிறது: இருபது நிமிடம் நிற்காமல் வேகமாக ஓட்ட வேண்டும். ஆகவே காற்றின் தூய்மையைக் காக்க விரும்பும் சேக்காட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறி, மீஞ்சூர் திசையில் எந்த வேலையும் இல்லாமல் டீசலை எரித்துவிட்டுத் திரும்பிவர வேண்டும். சுற்றுச்சூழல் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் பெட்ரோல் என்று முடிவெடுக்கலாம். பெட்ரோல் கார் எளிமையானது, ரிப்பேர்ச் செலவு குறைவு, புதுப்பேட்டையில் பாகங்கள் மலிவு. ஆனால் பங்க்கில் இப்போது ஊற்றப்படுவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட கார்களில் பெரும்பாலானவை இந்தக் கலவைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பழைய கார் சந்தை என்பதே அந்தக் கார்கள்தான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வடிவமைப்புக் கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை எழுதி வைத்தது. குறைந்த மைலேஜுக்கு ஏற்ப விலை குறைக்கப்படவில்லை. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டிவரலாம் என்றும், அது செலவு குறைந்த வேலைதான் என்றும் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஆறுதல் சொன்னது. எவருக்குச் செலவு குறைந்தது என்பது அறிக்கையில் இல்லை. பால்காரர் தண்ணீர் கலந்தால் சேக்காட்டில் சண்டை வரும். கலந்ததைச் சாதனையாக அறிவிக்கும் பால்காரரை ஊர் இன்னும் பார்க்கவில்லை.

வயது விவகாரம் தனி. பத்து வருடம் ஆன டீசல் கார்கள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே ஊற்றக் கூடாது என்ற விதி வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2027-க்குள் பெரிய நகரங்களில் டீசல் கார்களே கூடாது என்று பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த குழு பரிந்துரைத்த செய்தி 2023 மே மாதம் வெளியானது, பரிந்துரை ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டீசல் வண்டிகளுக்குக் கூடுதலாகப் பத்து சதவீத ஜிஎஸ்டி கேட்கப்போவதாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி மேடையில் சொல்லிவிட்டு, அன்றே அப்படித் திட்டம் எதுவும் பரிசீலனையில் இல்லை என்று விளக்கினார். காலையில் டீசல் காருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனவர் மதியம் நின்று, மாலையில் மறுபடி புறப்பட்டிருப்பார்.

தமிழ்நாட்டில் பத்து வருடத் தடை இல்லை. ஆர்சி பதினைந்து வருடத்துக்கு. பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. டெல்லியில் ஓட முடியாமல் போன டீசல் கார் என்ஓசி வாங்கிக்கொண்டு தெற்கே வந்தது இங்கே அந்தத் தடை இல்லாததால்தான். விலை ஆசைகாட்டும். இங்கே ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும் என்பது பலருக்கு ஆர்டிஓ அலுவலகத்தில்தான் தெரிகிறது.

எந்த எரிபொருளானாலும் வண்டியைக் காலையில் போய்ப் பார்ப்பது நல்லது. பானட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து நோயை மறைத்திருக்கிறார். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் டீசல் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது. மீட்டரில் 60,000 காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழவழத்திருந்தால் அது டி-போர்டு போட்டு ஓடிய வண்டியாக இருக்கலாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்களும் சந்தையில் உலவுகின்றன; சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் சேறு தெரியும். டாக்டர் ஓட்டிய வண்டி, ஒரே ஓனர், எஞ்சினில் கைவைக்கவில்லை என்ற மூன்று வாக்கியங்களும் எல்லாக் காருக்கும் பொது.

ஆகவே, இன்று வாங்கும் பழைய காருக்கு எந்த எரிபொருள் எத்தனை வருடம், எந்தக் கலவையில், எந்த ஊர் வரை செல்லும் என்பதை இரு அமைச்சகங்களும் ஒரே தாளில், ஒரே தேதியிட்டு, மறுநாள் மறுக்காமல் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. பதில் வரும்வரை மனுதாரர் இந்துக் கல்லூரி நிலையத்தில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூருக்குப் போய்வருவார்.