மூக்கால் கார் பார்ப்பவர்

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல், உண்மையில் மூக்குக்கு ஓய்வே தராத ஊராகும். தோல் பதனிடும் ஆலைகளின் நெடி, புகையிலையின் காரம், பூ மார்க்கெட்டின் மல்லிகை, தம்மில் இருக்கும் சீரகச் சம்பாவின் மணம், சிறுமலையிலிருந்து இறங்கும் வாழைப்பழத்தின் வாசம் ஆகியவை காற்றின் போக்குக்கேற்ப முறைவைத்து வந்துபோகும் இவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்க்கு மோப்பத்திறன் மிகுந்திருப்பது இயல்பே. அத்திறனை மட்டுமே முதலாகக் கொண்டு, பழைய கார்களில் எழும் பெட்ரோல் வாடையின் மூலகாரணத்தைப் பானெட்டைத் திறக்காமலும் கீழே குனியாமலும் நின்ற நிலையிலேயே அறுதியிட்டுரைக்கும் ஒரு வகையினர் இங்கு உளர்.

இவ்வகையினர் பெரும்பாலும் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். ஒரு காலத்தில் அம்பாசிடர் வைத்திருந்தவர், அல்லது வைத்திருந்தவருக்கு மைத்துனர். 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றதையும், அதே ஆண்டு மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் நின்றதையும் குடும்பத்தில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு துக்கங்களாகவே கருதுபவர். பழனி சாலையிலோ வத்தலக்குண்டு சாலையிலோ ஏதேனும் ஒரு பட்டறை வாசலில் டிஎன் 57 எண்ணுடைய பழைய வண்டி ஒன்று வந்து நிற்க, அதன் உரிமையாளர் "அண்ணே, உள்ள உக்காந்தா லேசா பெட்ரோல் வாடை வருது" என்று மெக்கானிக்கிடம் வாயெடுத்ததுமே, எதிர் டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு இவர் எழுந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை இரு துவாரங்களுக்கும் பாரபட்சமின்றிப் பங்கிட்டு, அதனால் தம் கருவி துலங்கிவிட்டதாக நம்பி, கண்களை மூடி மூச்சை இழுத்து, தீர்ப்பை ஒரே சொல்லில் வழங்குவார்: "கார்ப்பரேட்டர்."

பெட்ரோலையும் காற்றையும் தக்க அளவில் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் உறுப்பே கார்ப்பரேட்டர் எனப்படுவது. அதிலுள்ள சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் ஃப்ளோட் என்னும் மிதவை மேலெழுந்து, ஊசி வால்வைத் தள்ளி வரத்தை அடைக்க வேண்டும். ஊசியில் தூசு படிந்தாலோ மிதவை ஓட்டையானாலோ பெட்ரோல் வழிந்து வாடை கிளம்பும். ஆகவே இவ்வுறுப்பைக் குற்றவாளியாக்குவதில் நியாயம் ஓரளவு உண்டு. ஆனால் 2000-ஆம் ஆண்டையொட்டி மாருதி 800-இலேயே கார்ப்பரேட்டருக்கு மாற்றாக, பெட்ரோலை நேரே பீச்சும் இன்ஜெக்டர் முறை வந்துவிட்டது. "அண்ணே, இது இன்ஜெக்டர் வண்டி, இதுல கார்ப்பரேட்டரே கெடையாது" என்று மெக்கானிக் பணிவாக எடுத்துரைத்தால், இவர் இம்மியும் அசைவதில்லை. "அதத்தாண்டா தம்பி நானும் சொல்றேன். அது இல்லாததுதான் கோளாறு" என்பது இவருடைய மறுமொழி.

மனித மூக்கு பெட்ரோலைக் கண்டுபிடிப்பதில் வல்லது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. காற்றில் மிகச் சொற்பமாகக் கலந்திருந்தாலும் அது உணர்ந்துவிடும். எனினும் வாடை உண்டா இல்லையா என்று சொல்லத் தெரிந்த அம்மூக்குக்கு அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, கசிந்த இடத்தை விட்டு வெகுதூரம் போய்த் தேங்கும். ஓடுகிற காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால், டேங்க்கருகே பிறந்த வாடை திறந்த சன்னல் வழியே ஓட்டுநரிடமே வந்து சேர்வதும் உண்டு. எனவே அனுபவமுள்ள மெக்கானிக் 'எங்கே' என்று கேட்பதற்கு முன் 'எப்போது' என்று கேட்கிறார். டேங்க்கை நிரப்பிய அன்று மட்டும் வாடை வந்தால் மூடியின் வாஷரையோ நிரப்புவாய்க் குழாயையோ ஐயுறலாம். என்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் பம்ப்பிலிருந்து முன்னே செல்லும் பைப்பைப் பார்க்கலாம். வெயிலில் ஓடி வந்து அணைத்தபின் வந்தால், என்ஜின் சூட்டில் கார்ப்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது என்று கொள்ளலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் பெட்ரோல் மணத்தால், பம்ப்பின் டயாஃப்ரம் எனப்படும் சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறதோ என்று நோக்கலாம். கொடைக்கானல் மலையேறும்போது மட்டும் வந்தால், பெட்ரோல் பின்சரிந்து எந்த இணைப்பை நனைக்கிறது என்று தேடலாம்.

நம் மோப்பக்காரர் இவற்றுள் ஒன்றையும் கேட்பதில்லை. அவர் கேட்கும் ஒரே கேள்வி, "எந்த பங்க்ல போட்டீங்க?" என்பதே. விடை எதுவாயினும் அவர் தலையை இடவலமாக ஆட்டி, "இப்ப வர்றது பெட்ரோலாய்யா? பாதி கரும்புச்சாறு" என்பார். இதில் பாதிக்குப் பாதி மிகை என்றாலும் உண்மையின் சாயல் உண்டு என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பது 2022-இல் 10 விழுக்காட்டையும் 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. அத்தகைய கலவையை எதிர்பாராமல் செய்யப்பட்ட பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறிப் பருத்து, நாளடைவில் வெடிப்பு விடக்கூடும். காரணத்தை இவ்வளவு நெருங்கிவிட்டவர் அடுத்த அடியில் ரப்பர்க் குழாய்க்கு வர வேண்டும். அவரோ அங்கிருந்து நேரே சர்க்கரை ஆலை முதலாளிகளுக்குப் போய், அரசியலுக்குத் தாவி, டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரைக் கடிந்துகொண்டு திரும்புவார்.

அதற்குள் பட்டறைப் பையன், ஒரு சொல்லும் பேசாதவன், பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு டார்ச்சுடன் டிக்கிக்குள் தலையை விட்டிருப்பான். பெட்ரோல் ஆவி பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகையை ஒட்டிய குளிரிலேயே தீப்பற்ற வல்லது என்பதால், திண்டுக்கல் வெயிலில் தீக்குச்சி வெளிச்சத்தில் தேடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். மூக்குப்பொடிக்கு நெருப்பு தேவைப்படாதது அப்பட்டறையின் நல்லூழ். பையன் விரிப்பை விலக்கி, நிரப்புவாயையும் டேங்க்கையும் இணைக்கும் தடித்த ரப்பர்க் குழாயை விரலால் வளைக்கிறான். வளைந்த இடத்தில், தலைமுடி அளவில், நான்கைந்து வெடிப்புகள் வாய் பிளக்கின்றன; கிளிப்பின் ஓரத்தில் தூசு ஈரமாகிக் கருத்துப் படிந்திருக்கிறது. கிழித்த தினத்தந்தித் தாளை அதில் ஒற்றி எடுத்து, மெக்கானிக்கிடம் காட்டுகிறான்.

"நான் என்ன சொன்னேன்?" என்கிறார் நம்மவர்.

இவ்வகையினர்க்குச் சொந்தமாகவும் ஒரு பழைய கார் இருக்கும். அதில் பெட்ரோல் வாடை இல்லவே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். அதில் பொய்யும் இல்லை. ஒரே வாடையை விடாமல் முகரும் மூக்கு சில நிமிடங்களிலேயே அதற்குப் பழகி மரத்துப்போவதும், அன்றாடம் அதிலேயே அமர்வோர்க்கு அவ்வாடை வாடையாகவே தோன்றாததும் உடலியலார் அறிந்த செய்திகள். அவருடைய மனைவி மட்டும், பழனிக்குப் போகும்போதெல்லாம், "நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல வந்துர்றேன்" என்று சொல்லிவிடுகிறார். அந்த அம்மையாருக்கு வீண்செலவு பிடிக்காது என்பதும் பேருந்து என்றால் கொள்ளைப் பிரியம் என்பதும் கணவர் ஊரார்க்கு அளிக்கும் விளக்கம்.