இணையவழித் தலைமையாசிரியர் இலக்கணம்

நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரை அன்னம் முதல் நெய்யரி ஈறாக எட்டாக வகுத்து, தலை, இடை, கடை எனத் தரமும் கட்டிவிட்டார். கற்பவரே தலைமையாசிரியராகவும் வகுப்பறை கைப்பேசியாகவும் இருந்தால் என்ன செய்வதென்று நன்னூலில் சூத்திரம் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் அதற்குத் தேவையும் இல்லை. இப்போது உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளித் தலைவர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. நேரில் நடந்துவந்த ‘நிஷ்டா’ பயிற்சியும் அதே ஆண்டு கரோனாவால் ‘தீக்ஷா’ இணையதளத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே வகுப்போம்.

கற்போருள் முதல்வர் ஓடவிடுவோர். காணொளி மேசைமேல் ஓடும். அவர் சத்துணவுக் கூடத்தில் முட்டைக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். இவரைச் சோம்பேறி என்பது அறியாமை. காணொளி நாளைக்கும் இருக்கும், முட்டை இராது. அடுத்தவர் சான்றிதழோர், வினாக்களின் விடை வாட்ஸப் குழுவில் வந்து சேரும்வரை பொறுமை காப்பவர். கேமரா அணைத்தோர் மூன்றாமவர். அவரைப் பற்றி எழுத ஏதும் தெரிவதில்லை.

வழிகாட்டுவோர் இருவகை: உரைப்போர், வினவுவோர். உரைப்போரை எல்லோரும் அறிவர். வினவுவோர் அரியர். ஒருவர் கேட்கிறார்: “உங்க பள்ளியில இந்த வருஷம் எதை மாத்தணும்னு நினைக்கிறீங்க?” நெடிய மௌனம். பிறகு, “இதுக்கு ஃபார்மேட் ஏதாவது அனுப்புவீங்களா சார்?”

இதைக் கேலிக்குரியதென்று கொள்ளும் உரைகாரர் உளர், யாம் உடன்படோம். மேலிருந்து வரும் கேள்வியெல்லாம் படிவமாகவும் ‘இன்று மாலைக்குள்’ என்ற குறிப்போடும் வந்தே பழகிய ஒருவரிடம், கட்டமில்லாத கேள்வி ஐயத்தையே எழுப்பும். அதிலும் கேட்பவர் நாளை ஆய்வுக்கு வரக்கூடிய அலுவலர் என்றால், “எல்லாம் நல்லாப் போகுது சார்” என்பதன்றி வேறு விடை பிறக்காது. வினவுவோர்க்கு முதல் இலக்கணம், பதவியால் மேலோர் ஆகாமை.

இனிப் புறனடை. மேற்சொன்ன எவ்வகையிலும் அடங்காத ஒருவர் உண்டு: பக்கத்து ஒன்றியத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எட்டாம் வகுப்பு மாணவி இரண்டு வாரமாக வரவில்லை என்று இரவு ஒன்பதரைக்கு அவருக்குப் போன் போகிறது.

“அவங்க அப்பாகிட்ட ஏன் அனுப்பலன்னு கேக்காதீங்க டீச்சர். என்னைக்கு அனுப்புவீங்கன்னு கேளுங்க. ஆபீசுக்குக் கூப்பிடாதீங்க, நீங்க போங்க.”

இது 50 மணிக் கணக்கில் சேராது.