மாட்டு வண்டியில் போன மகாராஜா

கேள்வி: பர்மாவின் கடைசி மன்னர் இந்தியாவில்தான் இறந்தாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். அவர் பெயர் திபா. ஆங்கிலேயருடன் தேக்கு மரத்துக்காக எழுந்த தகராறு போரில் முடிந்தது. இரண்டே வாரத்தில் தலைநகர் மாண்டலே வீழ்ந்தது. 1885 நவம்பர் 29 அன்று மன்னரையும் ராணி சுபயாலத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றி, ஐராவதி ஆற்றில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளை யானைகளின் அதிபதி என்று பட்டம் கொண்டவருக்குக் கடைசியில் கிடைத்த வாகனம் அது!

முதலில் சென்னையில் சில மாதங்கள் வைத்தார்கள். பிறகு மராட்டியக் கடலோரத்து ரத்னகிரி. அங்கே அவருக்கென்று ஒரு மாளிகை 1910இல்தான் எழும்பியது. 1916இல் அவரே போய்விட்டார்.

டெல்லியின் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபரின் சமாதி ரங்கூனில்; பர்மாவின் கடைசி மன்னர் சமாதி ரத்னகிரியில். ஆங்கிலேயர் இரண்டு நாடுகளையும் எடுத்துக்கொண்டு, சமாதிகளை மட்டும் இடம் மாற்றிக் கொடுத்தார்கள். 2012இல் மியான்மர் (பர்மா) அதிபர் தெய்ன் செய்ன் ரத்னகிரிக்கு வந்து வணங்கினார். அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள்.