சதுப்பில் ஒரு கிரவுண்டு

சென்னையில் ஹைக்கிங் போவதில் ஒரு சௌகரியம், ஏறப் பெரிய மலை கிடையாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகலாம் என்று மகன் சொன்னபோது, "குப்பைமேட்டுல ஏறணுமா?" என்றாள் என் மனைவி. கேள்வியில் தப்பில்லை. அந்த வட்டாரத்தில் உள்ள ஒரே மேடு பெருங்குடி குப்பைக் கிடங்குதான். அதையும் பயோமைனிங் செய்து கரைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய சூழல் பூங்காவில் ஒரு ஜனவரிக் காலையில் இறங்கினோம். மகன் காலில் புது ஷூ, கழுத்தில் பைனாகுலர். அம்மா கையில் ஒயர் கூடை, அதற்குள் புளியோதரை. பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா, கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்.

"இது ராம்சர் தலம் தாத்தா, உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம். 2022ல அறிவிச்சாங்க. மொத்தம் 1,247 ஹெக்டேர்" என்றான் பேரன்.

சித்தப்பா நின்றுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. "கிட்டத்தட்ட 56,000 கிரவுண்டுடா" என்று பெருமூச்சு விட்டார். "சும்மா கிடக்கு."

சும்மா கிடக்கவில்லை என்று விளக்க முயன்றேன். தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் இங்கேதான் வந்து சேர வேண்டும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கழுவெளி ஐந்தாயிரம் ஹெக்டேருக்குப் பரந்து கிடந்தது என்பார்கள். மீதியில் இப்போது ரயில் நிலையம் இருக்கிறது, ஐ.டி. கம்பெனிகள் இருக்கின்றன, மாதத் தவணை கட்டும் நாங்கள் இருக்கிறோம். தண்ணீருக்கு மட்டும்தான் விலாசம் இல்லாமல் போயிற்று. 2015 டிசம்பரில் அது எங்கள் தெருவுக்கே தேடிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் சரி, இந்தப் பக்கம் கிரவுண்டு இப்ப என்ன போகுது?" என்றார் சித்தப்பா.

அம்மாவின் அக்கறை வேறு. எந்தப் பறவையைக் காட்டினாலும், "இதைச் சாப்பிடுவாங்களா?" என்றாள். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பொது அறிவுக்காகக் கேட்கிறாளாம். கரையோரம் ஒரு நீலத்தாழைக்கோழி. நீல உடம்பு, சிவப்பு அலகு, சிவப்புக் கால். ஒற்றைக் காலால் கோரைத் தண்டைப் பிடித்து அலகருகே கொண்டுபோய், பட்டை பட்டையாக உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். "சிந்தாம சாப்பிடுது பாரு" என்றாள் பேரனிடம். பூநாரை பார்க்க வந்த பிள்ளைக்கு அங்கேயும் அறிவுரைதான் கிடைத்தது. பூநாரையோ தூரத்தில் வெள்ளைப் புள்ளிகளாக நின்றது. அது கூழைக்கடா என்று பிறகு ஒருவர் திருத்தினார்.

அன்றைய கதாநாயகன் நீளவால் இலைக்கோழி. நீண்டு விரிந்த விரல்களை ஊன்றி, மிதக்கும் இலைகள் மேல் அமிழாமல் நடந்தது. பெயரில் இருந்த வால் மட்டும் உடம்பில் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த வால் வளருமாம்.

"கல்யாணத்துக்கு மட்டும் பட்டு வேட்டி கட்டுற மாதிரி" என்று சித்தப்பா புரிந்துகொண்டார்.

"இன்னொண்ணு தெரியுமா? இதுல பொண்ணு முட்டை போட்டுட்டுப் போயிடும். அடைகாக்கிறது, குஞ்சுகளைப் பாத்துக்கிறது எல்லாம் ஆம்பளைதான்" என்றான் மகன். அந்தப் பெண் அடுத்த துணையைத் தேடிப் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொன்னான். எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தானோ.

"பாவம்" என்றாள் அம்மா, ஆணுக்காக.

"பைனாகுலரைக் கொடுடா" என்றாள் என் மனைவி. அதுவரை செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காதவள், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். நடுவில் ஒருமுறை பைனாகுலரைத் தாழ்த்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபடி பறவைக்குத் திரும்பினாள். நான் தாகம் என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், சித்தப்பா நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவரிடம் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திசையைக் காட்டிய கையோடு விசிட்டிங் கார்டையும் நீட்டினார். பெரும்பாக்கத்தில் டூ பெட்ரூம் ஃபிளாட், வாஸ்து பார்த்துக் கட்டியது, பால்கனியில் நின்றாலே பறவை தெரியும்.

"தண்ணி நிக்குமா?" என்றார் சித்தப்பா, தொழில்முறைச் சந்தேகத்தோடு.

"மழைக்காலத்துல பறவை இன்னும் கிட்டவே வரும் சார்" என்றார் அவர்.