ஓரத்தில் ஒரு மகானுபாவர்

அண்மையில் நான் வாசித்து முடித்த மூன்று கிரந்தங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை நிதானமாகத் தெரிவிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் உத்தேசம். அதற்கு முன் ஒரு சங்கதியைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

மூன்றும் வாசகசாலையில் இரவல் வாங்கியவை. மூன்றையும் எனக்கு முன்னால் ஒரே மகானுபாவர், கையில் பென்சிலுடன், வாசித்திருக்கிறார்.

1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் அவர் திருப்பணி தொடங்குகிறது. ரசித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்துப் பக்கத்தில் ‘ஆஹா’ போடுகிறவர்கள்தாம் நீங்களும் நானும்; அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால், வேதநாயகம் பிள்ளை நீதி போதிக்கும் இடங்களுக்கெல்லாம் ஒரு கோடும், அந்தப் போதனைக்காகச் சொல்லும் கிளைக்கதைகளுக்கு இரண்டு கோடும், கிளைக்கதை முடிந்து மூலக்கதைக்குத் திரும்பும் இடத்தில், திரும்பிய சந்தோஷத்தினாலோ என்னவோ, மூன்று கோடும் இட்டு, பென்சில் தேய்ந்ததும் நீல மைக்கும், அது தீர்ந்ததும் சிவப்பு மைக்கும் மாறி, ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் அரசாளும் அத்தியாயங்களை எட்டுவதற்குள் கோடு விழாத வரியே அபூர்வமாகி, அந்த அபூர்வ வரி செய்த குற்றம் என்ன என்று அதையே நான் திரும்பத் திரும்பப் படிக்கும்படி செய்து, கடைசியில் அச்சுக்கூடத்தின் விலாசத்தையும் விடாமல் அடிக்கோடிட்டு, விலைக்கு எதிரே ‘அதிகம்’ என்று எழுதியிருக்கும் ஒருவரை, அதுவும் இரவல் வாங்கிப் படித்தவரை, என்னவென்று சொல்வது!

இருபத்தாறு வயதில் காலமான ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்துக்கு வந்தேன். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை தோன்றும் பக்கத்தில் சிரிக்கலாம் என்று சாய்ந்து உட்கார்ந்தால், ஓரத்தில் ‘இங்கே சிரிப்பு வரும்’ என்று முன்னறிவிப்பு. வந்த சிரிப்பு திரும்பிப் போயிற்று.

சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் வேறொன்று. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்து என்ன பயன் என்னும் பொருள்படக் கேட்கிறார். சீவக சிந்தாமணிப் பதிப்புக்கே வித்தான கேள்வி அது. அதற்கு எதிரே நம்மவர்: ‘நானும் இதையே கேட்கிறேன். மைத்துனனுக்குக் காட்ட வேண்டும்.’

பிரதி பிரதியாக ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைத்த மகானுடைய புத்தகத்துக்கா இந்தக் கதி? முந்நூறு வருஷங்களுக்குப் பின் இந்த ஒரு பிரதி மட்டுமே எஞ்சுமானால், மேற்படி வாக்கியத்தை ஐயரவர்களின் வாக்காகவே கொண்டு, அந்த மைத்துனர் யார், எவ்வூரினர் என்று ஆராய்ந்து இருவராவது டாக்டர் பட்டம் பெறுவார்கள். மூன்றாமவர் மைத்துனரே இடைச்செருகல் என்று மறுப்பார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நாலு பக்கம் குறிப்பில்லாமல் போனால் மனுஷருக்கு உடம்புக்கு என்னவோ என்று எனக்குக் கவலை வந்துவிடுகிறது.

ஆனந்த விகடனில் 1940 முதல் வந்துகொண்டிருந்த அந்த வரலாறு, 1942 ஏப்ரலில் ஐயரவர்கள் காலமானதால் பாதியில் நின்றுபோயிற்று என்பது உலகமறிந்த செய்தி. கடைசிப் பக்கத்தின் அடியில், சிவப்பு மையில், இரட்டைக் கோட்டின் மேல் இவர் எழுதியிருப்பது: ‘முடிவு சரியில்லை. ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார்.’