வருஷச் சாமானை ஒரே மூச்சில் வாங்கி மிச்சம் பிடிப்பது எப்படி?

முதல் விதி: வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பார்த்தால் வாங்க மனசு வராது.

புளியில் தொடங்கலாம். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும், விலையும் இறங்கியிருக்கும். கொட்டையும் நாரும் எடுத்து, வெயிலில் காயவைத்து, இடையிடையே கல்லுப்புத் தூவி மண்பானையில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை கவலையில்லை. பாட்டிமார் காலங்காலமாகச் செய்ததுதான். ஆனால் இதற்கு ஆஃபரும் கிடையாது, இலவச வாளியும் கிடையாது. ஆகவே விட்டுவிடுவோம்.

அரிசிக்கு வாருங்கள். மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைத்தால் ஐந்து மூட்டையாக எடுங்கள். கொட்டிவைக்கப் பெரிய எவர்சில்வர் டிரம் வேண்டும். அதன் விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வண்டு வெளியிலிருந்துதான் வரும் என்று நினைத்து மூடியை அழுத்தி மூடுவார்கள். தாய் வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் பூசி அடைத்துவிட்டு எப்போதோ போயிருக்கும். வேப்பிலை போடுங்கள். உங்களுக்கும் ஓர் ஆறுதல் வேண்டுமல்லவா?

சோப்பு, பற்பசை, ஷாம்பு சட்டென்று கெடாது, தைரியமாக அடுக்கலாம். 2025 ஆடித் தள்ளுபடியில் வருஷத்துக்கும் வாங்கிப்போட்ட தீர்க்கதரிசிகள் உண்டு. செப்டம்பர் 22-ஆம் தேதி இந்த மூன்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஊரெல்லாம் குறைந்த வரியில் குளிக்க, இவர்கள் மட்டும் பழைய வரியிலேயே குளித்தார்கள். போகட்டும், அரசாங்கத்துக்கும் நாலு காசு வேண்டாமா?

பரண் நிறைந்தால் கட்டிலுக்கடி, அதுவும் நிறைந்தால் பூஜை அலமாரி. 600 சதுர அடி வீட்டுக்கு 15,000 ரூபாய் வாடகை என்றால் சதுர அடிக்கு 25 ரூபாய். சாமான் இருபது சதுர அடியைப் பிடித்தால் மாதம் 500 ரூபாய். துவரம்பருப்பு உங்கள் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது, வாடகையை நீங்கள் கட்டுகிறீர்கள். இந்தக் கணக்கை வீட்டில் யாரிடமும் போட்டுக் காட்டவேண்டாம்.

நிறைய இருந்தால் கையும் தாராளமாகிவிடும். பற்பசையைக் கடைசிவரை உருட்டிப் பிதுக்கும் கலை மறந்துபோகும். ஊரிலிருந்து வரும் சித்தி, "இவ்வளவு கிடக்கே, ரெண்டு எடுத்துக்கிறேண்டி" என்பார். பெருந்தன்மையாகக் கொடுங்கள்; கொஞ்சம் இடமாவது காலியாகும்.

இத்தனையும் முடித்து நீங்கள் அசந்து உட்காரும்போது, பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அண்ணாச்சி கடைக்கு ஓடுங்கள். சின்ன டப்பாவாகக் கேளுங்கள். அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.