கச்சான் கவசக் கோழியின் குடியுரிமை: கொக்குவில் குசினியிலிருந்து ஓர் ஆய்வு

கோழி இறைச்சிக்குக் கச்சானை அப்பி, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து, பக்கத்தில் இனிப்பும் புளிப்பும் உறைப்புமாக ஒரு சோஸ் வைத்து, அதைத் தாய்லாந்துச் சாப்பாடு என்று பரிமாறும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. சுருட்டுக்கும் மஞ்சவனப்பதி முருகனுக்கும் இந்துக் கல்லூரிக்கும் பேர்போன கொக்குவில் அதற்கு விலக்கல்ல. பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு பல்கலைக்கழகமே இருந்தும் இந்தப் பாரதூரமான விடயம் கவனிப்பாரற்றுக் கிடப்பது புலமை உலகுக்கு அழகல்ல. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயப்படும் கேள்வி ஒன்றுதான்: அந்தத் தட்டில் இருப்பவற்றுள் எது தாய்லாந்து?

முதலில் கச்சான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதியில் கடை விரித்து, மணலில் வறுபட்டு, வீடு திரும்பும் ஒவ்வொரு பையிலும் ஏறிக்கொள்ளும் இந்தப் பருப்பை விட உள்ளூர்த்தனமான ஒன்று இருக்க முடியாது என்றே எவரும் நினைப்பர். ஆனால் அதன் பூர்வீகம் தென்னமெரிக்கா. மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குத்தான். 1492இல் கொலம்பஸ் கப்பலேறும் வரை ஆசியாவில் ஒரு குசினியிலும் மிளகாய் கிடையாது. உறைப்பு வேண்டியவர்கள் மிளகோடு சமாளித்தார்கள். போர்த்துக்கீசர் 1511இல் மலாக்காவைப் பிடித்த கையோடு இன்றைய தாய்லாந்தான சீயத்தின் தலைநகர் அயுத்தியாவுக்குத் தூது அனுப்பினார்கள். அதே போர்த்துக்கீசர் 1619இல் மன்னன் சங்கிலியைத் தோற்கடித்து யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம்வசமாக்கினார்கள். மிளகாய் ஆசியாவுக்குள் பரவியது அவர்களின் வணிக வழியால்தான். ஆகவே உறைப்பு விடயத்தில் அயுத்தியாவும் யாழ்ப்பாணமும் ஒரே வாத்தியாரிடம் படித்த பிள்ளைகள். ஒருவர் மற்றவருக்குக் குருவாக முடியாது.

அடுத்தது இனிப்பு. இங்கேதான் ஆய்வு சுவாரசியமாகிறது. தாய்லாந்துச் சமையலில் சீனியின் இடத்தில் பெரும்பாலும் பனைவெல்லம் விழும். அதற்கு அந்நாட்டில் பேரெடுத்த மாகாணம் பெட்சபுரி. அங்கே பாளை சீவிச் சாறு இறக்கும் மரம் நம்முடைய அதே பனை. தாவரவியலார் இரண்டையும் ஒரே பெயரில், பொராசஸ் ஃபிளபெல்லிபெர் என்றே பதிந்து வைத்திருக்கிறார்கள். 1978இலேயே பனை அபிவிருத்திச் சபை நிறுவிய நாட்டில், பனையோலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி சந்தைக்குச் சந்தை கிடக்கும் ஊரில், பேத்தி ஒருத்தி நகரத்துக் கடையில் இறக்குமதிப் பனைவெல்லம் தேடுகிறாள் என்றால் அது தனியாக ஆராய வேண்டிய சமூகவியல். அம்மம்மாமார் இந்த முடிவுக்கு ஆய்வில்லாமலே வந்துவிட்டார்கள்.

“உதுக்குள்ள என்ன பிள்ளை போடுறாய்?”

“தாய்லாந்துச் சோஸ் அம்மம்மா. பனங்கட்டி, புளி, உள்ளி, செத்தல் மிளகாய், மீன் தண்ணி.”

“மீன் தண்ணியைத் தவிர மிச்சமெல்லாம் எங்கட புளிக்குழம்புதானே.”

அந்த மீன் தண்ணியும் அந்நியமல்ல. நெத்தலியையும் உப்பையும் அடுக்கடுக்காகத் தொட்டியில் போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஊறவிட்டு வடிப்பதே தாய்லாந்தின் மீன் சோஸ். நாம் அதே நெத்தலியை உப்பிட்டு வெயிலில் போட்டுக் கருவாடாக்குகிறோம். மீனும் உப்பும் ஒன்று. அவர்கள் ஈரத்தை வைத்துக்கொண்டார்கள், நாம் விரட்டிவிட்டோம். பழப்புளியின் ஆதியூர் ஆபிரிக்கா, அதில் இரு தரப்புக்கும் உரிமையில்லை. தேசிக்காயின் தாய்வழி பிலிப்பைன்ஸ் வரை போகிறது. அது வேறொரு கட்டுரைக்கு.

சரித்திரத் தொடர்பைக் காட்டி எதிர்வாதம் செய்வோர் உண்டு. 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் வேண்டுகோளுக்கு இணங்கி, உபாலி தேரர் தலைமையில் சீயத்துப் பிக்குமார் ஒல்லாந்தர் கப்பலில் திருகோணமலையில் வந்து இறங்கியது உண்மைதான். சீயம் நிகாயம் என்னும் பௌத்தப் பிரிவு அப்படித்தான் பிறந்தது. ஆனால் அவர்கள் கொண்டுவந்தது உபசம்பதா என்னும் பிக்குத் தீட்சை. கோழி பொரிக்கும் முறை அல்ல.

அப்படியானால் எஞ்சுவது கோழி. எல்லாரும் உள்ளூர் என்று நம்பி, கடவுச்சீட்டே கேட்காமல் விட்ட கோழி. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் அகழ்ந்தெடுத்த கோழி எலும்புகளின் வயதை மீளக் கணித்தது. ஐயமின்றி வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் வடகிழக்குத் தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை. காலம் கிமு 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் சிறுதானியமும் விளையத் தொடங்கியதும், சிந்திய மணி பொறுக்கக் காட்டுக்கோழி மரத்தை விட்டு இறங்கிவந்து மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்பது அவ்வாய்வின் விளக்கம். ஆக, கொக்குவில் தட்டில் தாய்லாந்துக்காரர் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கோழிதான். சோஸ் யாழ்ப்பாணம், கவசம் தென்னமெரிக்கா. இலங்கைக்கென்று சொந்தமாக ஒரு காட்டுக்கோழி இருக்கிறது, தேசியப் பறவை என்ற பட்டமும் அதற்கு உண்டு. எனினும் நம் முற்றத்துக் கோழியின் நேர் மூதாதை அதுவல்ல. முருகனின் கொடியில் இருக்கும் சேவலின் பூர்வீகத்தை இக்கட்டுரை ஆராயவில்லை. ஊரில் இருக்க வேண்டுமே.

குடியுரிமைப் பிரச்சினை இப்படித் தீர்ந்தாலும் பொரிக்கும் பிரச்சினை தீர்வதில்லை. இந்தப் பண்டத்தின் உண்மையான சிக்கல் முழுவதும் தாச்சிக்குள் இருக்கிறது. கச்சானுக்கும் கோழிக்கும் நேரப் பொருத்தம் இல்லை. கோழியின் உள்ளே 74 பாகை செல்சியஸ் சூடு ஏறினால்தான் அது வெந்ததாகக் கணக்கு. அதற்குச் சில நிமிடங்களாவது வேண்டும். கச்சானோ அவ்வளவு நேரம் காத்திராது. 1912இல் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் விவரித்த தாக்கம், புரதமும் சீனியும் சூட்டில் சேர்ந்து பொன்னிறமாகி மணக்கும் அந்த வித்தை, 140 பாகைக்கு மேல் வேகமெடுக்கும். 180 பாகை எண்ணெயில் கச்சான் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகிக் கசக்கும்போது உள்ளே இறைச்சி இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

இதனால் மூன்று கட்சிகள் தோற்றுப் போகின்றன. ஊர்க்கோழிக் கட்சி முதலில் தோற்கும். முற்றிய ஊர்க்கோழியின் தசை நெடுநேரம் அடுப்பில் கிடந்தால்தான் மசியும், அது கறிக்குரியது. இங்கே கொஞ்சமும் மதிப்பில்லாத புறொயிலர்க் கோழியின் நெஞ்சுப் பகுதிதான் சபையேற வேண்டியிருக்கிறது. அதையும் விரல் தடிப்புக்கு மேற்படாமல் கீலம் கீலமாக வெட்ட வேண்டும். அடுத்துத் தோற்பது கோயிற் கச்சான் கட்சி. வறுத்த கச்சான் ஏற்கெனவே பாதித் தூரம் போய்விட்டது, எண்ணெயில் விழுந்ததும் கருகத்தான் செய்யும். பச்சைக் கச்சானே வேண்டும். மூன்றாவது கிரைண்டர்க் கட்சி. கச்சானில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. பட்டனை ஒருமுறை கூடுதலாக அழுத்தினாலும் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். உரலில் போட்டு, அரிசிக் குறுணல் அளவுக்கு இடித்து நிறுத்துவதே முறை.

இடித்த குறுணலோடு அதில் பாதியளவு ரஸ்க் தூளும் கொஞ்சம் அரிசிமாவும் சேரும். வெறும் கச்சான் மொறுமொறுக்காது, எண்ணெய்ப்பசையோடு நமநமக்கும். மொறுமொறுப்பைக் கொடுப்பது மாப்பொருள்தான். உப்பும் மிளகுத்தூளும் தடவிய கீலத்தைக் கோதம்பமாவில் பிரட்டி, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்து, குறுணலில் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். பிறகு அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கட்டும். அவசரக்காரரின் கவசம் தாச்சியில் கழன்று தனியாக நீந்தும்.

எண்ணெய் 160 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் மர அகப்பைக் காம்பை எண்ணெயில் விட்டுப் பார்க்கலாம்: சிறு குமிழிகள் நிதானமாக எழுந்தால் சரி, பொங்கிச் சீறினால் அடுப்பைத் தணிக்க வேண்டும். செக்கிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் 175 பாகைக்குக் கிட்டப் புகையத் தொடங்கிவிடும் என்பதால், புகை கண்டபின் போடுவது என்ற பழைய விதி இங்கே செல்லாது. காதும் ஒரு கருவி. போட்டவுடன் சளசளவென்று எழும் சத்தம் இறைச்சியின் நீர் ஆவியாகி ஓடும் சத்தம்; அந்த ஆவி வெளியே தள்ளும் வரை எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. சத்தம் தணிந்து சிணுங்கலாக மாறும்போது எடுத்துவிட வேண்டும். பொரித்த பண்டம் எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் தாச்சிக்குள் அல்ல, வெளியே வந்து ஆறும்போது. ஆகவே சூட்டோடு சூடாக உதறி வடிக்க வேண்டும். வடைக்குச் செய்வதுபோல் பத்திரிகைத் தாளில் பரப்பினால் மேலே செய்தியும் கீழே ஈரமும் ஒட்டும். பிரம்பு இடியப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் ஆவி போக வழி கிடைக்கும். பிளாஸ்டிக் தட்டு வைத்திருப்போர் இந்தப் பந்தியை இன்னொருமுறை வாசிக்கவும்.

சோஸுக்கு அவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவி அரைக்கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்தால் மீன் சோஸுக்குக் கிட்ட வரும். ஊறவைத்த செத்தல் மிளகாயையும் உள்ளியையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, பழப்புளிக் கரைசலும் பனங்கட்டியும் சேர்த்து, அகப்பையில் படியும் பதத்துக்குக் காய்ச்சி இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் முடிந்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, ஜாம் போத்தலில் விளக்குச் செய்து படித்த ஊருக்கு, ஒரு போத்தல் மீன் சோஸுக்குப் பதில் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை.

சிக்கல் பரிமாறும்போது வரும். தொட்டுச் சாப்பிட வேண்டியதை ஊற்றிச் சாப்பிடுவது குடாநாட்டு வழக்கம். பேத்தி பாடுபட்டுக் காத்த மொறுமொறுப்பின்மேல், ஆட்டத்தைக் கலைப்பதுபோல், மாமா ஒருவர் சொதியை ஊற்றிப் புட்டோடு குழைத்துவிடுவார். “நல்லாய்த்தான் இருக்கு பிள்ளை, ஆனால் கச்சானை ஏன் இறைச்சிக்க போட்டனி?” என்பது அவரது மதிப்புரை.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த விருந்தினர் மேசையில் இருந்தால் வேறு கேள்வி எழும்: “இதில நட்ஸ் இருக்கோ?” சிரிக்கக்கூடாத கேள்வி அது, கச்சான் ஒவ்வாமை உயிரையே பறிக்கக்கூடியது. 2015இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர் 640 குழந்தைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கச்சான் உணவு கொடுத்துவந்தபோது ஐந்து வயதில் ஒவ்வாமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அதற்காக வந்திருப்பவரில் சோதித்துப் பார்க்க முடியாது. அவருக்கு ரஸ்க் தூள் மட்டும் போட்ட துண்டுகளை வேறு எண்ணெயில், வேறு தாச்சியில், கச்சானைத் தொடாத கையால் பொரித்துக் கொடுக்க வேண்டும்.

மிஞ்சிய சோஸ் குளிர்சாதனப் பெட்டியில் சில நாள் கெடாது. ஆனால் கருவாட்டுத் தண்ணீர் கலந்திருப்பதால் வெள்ளிக்கிழமை அதை மேசைக்குக் கொண்டுவர அம்மம்மா விடமாட்டா. வியாழன் இரவே புட்டோடு வழித்துத் துடைத்து, போத்தலைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது நல்லது.